வீட்டுக்குள் ஆறாத காயம்

காலையில் எல்லோரும் வயலுக்கோ கடலுக்கோ கூலி வேலைக்கோ போன பின்பு, எமது கிராமத்து வீடுகளில் எஞ்சியிருப்பவர்கள் யார்? வயோதிபர்கள், சிறு பிள்ளைகள், அவர்களோடு காயப்பட்ட ஒருவர். ஒரு காலத்தில் கோழி கூவுமுன் எழுந்து மண்வெட்டியோடு வரம்பில் நின்றவர் அவர். இன்று கட்டிலில் படுத்தபடி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இவர்களில் சிலர் போராளிகளாக இருந்து காயப்பட்டவர்கள். சிலர் துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்கள். எறிகணை வீழ்ந்த இடத்தில் நின்றவர்கள். வேறு சிலர் மீள்குடியேறிய பின் சொந்தக் காணியிலேயே மிதிவெடிக்குக் காலைக் கொடுத்தவர்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இவர்களுடைய காயம் அந்த மாதத்தோடு முடிந்துவிடவில்லை.

நாம் அன்பினால் இவர்களுக்கு என்ன சொல்கிறோம்? "நீ இரு தம்பி, நாங்கள் பார்க்கிறம்." ஒரு நாள் சொன்னால் அது ஆறுதல். பத்து வருடம் சொன்னால் அது பூட்டு.

இரண்டு இழப்புகள்

இடம்பெயர்ந்த குடும்பத்தில் காயப்பட்டவருக்கு இழப்பு இரண்டு. ஒன்று உடலில். மற்றது கூட்டாளிகள். தன்னோடு பந்தடித்தவர்கள், கட்டுக்கரைக்குளத்தில் நீந்தியவர்கள், சூடடிப்புக்கு வந்து நின்றவர்கள் எல்லோரும் திசைக்கொருவராய்ச் சிதறிவிட்டார்கள். புதிய இடத்தில் அயலவர்கள் அவரை "கால் இல்லாதவர்" என்றே அறிகிறார்கள். முன்பு அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பு தனி ஒருவரின் மனதோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே உடைக்கிறது என்று எழுதி வந்துள்ளார். அப்படியானால் குணமாக்குவதும் மருந்தோடு மட்டும் நிற்க முடியாது. சமூகமும் சேர வேண்டும்.

வில்லும் அம்பும் செய்த வேலை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், முள்ளந்தண்டில் காயப்பட்ட போர்வீரர்களில் பெரும்பாலானோர் அதிக காலம் உயிர் வாழவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொன்றன. யேர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இவர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். அத்தோடு நிற்கவில்லை. அவர்களைக் கட்டிலை விட்டு இறக்கி விளையாட விட்டார். 1948 யூலை 29ஆம் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், காயப்பட்ட 16 ஆண்களும் பெண்களும் சக்கர நாற்காலியில் இருந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அதுவே வளர்ந்து, 1960இல் உரோமில் ஏறக்குறைய 400 பேர் பங்குபற்றிய விளையாட்டு விழாவாகி, இன்று பராலிம்பிக் என்று அழைக்கப்படுகிறது.

எமக்கு அருகிலும் உதாரணங்கள் உண்டு. இந்திய இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் முள்ளந்தண்டில் குண்டு பாய்ந்து நடக்க முடியாதவரானார். சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர், 1972இல் நீச்சலில் இந்தியாவின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கம் 2021இல் தோக்கியோவில் கிடைத்தது. ஈட்டி எறிந்து அதைப் பெற்ற தினேஷ் பிரியந்த ஹேரத், வடக்கில் நடந்த போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர். அவருக்குக் கிடைத்த மைதானமும் பயிற்சியும் எமது வீடுகளில் படுத்திருப்பவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் காயம் சீருடை பார்ப்பதில்லை. அது ஆறும் வழியும் அவ்வாறே.

எல்லோரும் பதக்கம் பெற வேண்டியதில்லை. வெளியில் வந்து வியர்த்தவருக்கு இரவில் நித்திரை வரும். பந்தைக் கவனிக்கும் கண் அந்த நேரமாவது பழைய காட்சிகளை விட்டு விலகும். எல்லாவற்றிலும் மேலாக, தன்னைப்போல் இன்னொருவரைக் காண்கிறார். சிறுநீர்ப் பை பற்றி, இல்லாத காலில் வரும் வலி பற்றி, திருமணம் பற்றி, மனைவியிடமும் மருத்துவரிடமும் கேட்க முடியாததை அவரிடம் கேட்கலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து இயங்கும் மாங்குளம் 'உயிரிழை' அமைப்பின் பலமும் இதுவே.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் இருவர் போதும். காயப்பட்டு ஓரளவு தேறிய ஒருவரே மற்றவரின் வீட்டுக்குப் போகட்டும். "எப்படிக் காயப்பட்டாய்?" என்று கேட்க வேண்டாம். அவர் சொல்ல விரும்பும் நாளில் சொல்வார்.

2. இடத்தைத் தெரியுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டு மக்கள் புழங்கும் இடமாகவே இருக்க வேண்டும். மன்னார்த் தீவின் உலர்ந்த மணலில் சக்கரம் புதையும். அலை நனைத்த ஈர மணலோ இறுகிய தரையோ நல்லது. காலையும் மாலையும் மட்டும் கூடுங்கள். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெயில் அவரை விரைவில் வீழ்த்தும்.

3. இருந்து ஆடும் கரப்பந்தைத் தொடங்குங்கள். 1956இல் ஒல்லாந்தில் தோன்றிய இந்த விளையாட்டுக்கு 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட நிலம் போதும். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05 மீற்றர். பழைய மீன்பிடி வலையே போதும். பந்தைத் தொடும்போது உடல் தரையில் பட்டிருக்க வேண்டும். கால் உள்ள இளைஞர்களும் நிலத்தில் இருந்தே ஆடட்டும். அங்கே எல்லோரும் ஒரே உயரம். இருக்கும்போது சமநிலை இல்லாதவர்களுக்குக் கரம், பந்தெறிதல், குளக்கரையில் தூண்டில் போடுதல் பொருத்தமானவை.

4. நீரில் தனியே இறங்க விடாதீர்கள். உணர்ச்சியற்ற காலைச் சிப்பியோ கல்லோ கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. கரையேறியதும் தோலைப் பார்த்துக் கழுவுங்கள். வலிப்பு உள்ளவர்கள் நீரில் இறங்கவே கூடாது.

5. சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். சிறுநீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெருந்தவறு. செயற்கைக் கால் போடுபவர் ஆட்டம் முடிந்ததும் அதைக் கழற்றி, மணலைத் தட்டி, எஞ்சிய காலைக் கழுவித் துடைக்க வேண்டும்.

6. காயப்பட்ட பெண்களை மறவாதீர்கள். அவர்கள் ஆண்களை விட ஆழமாக வீட்டுக்குள் ஒளிக்கப்படுகிறார்கள். மாதர் சங்கம் அவர்களுக்கென ஒரு மாலையை ஒதுக்கட்டும். பராமரிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அந்த மாலை ஓய்வாகட்டும்.

7. வாரக்கணக்கில் நித்திரையின்மை, அளவற்ற குடி, சாவைப் பற்றிய பேச்சு ஆகியன கண்டால் தாமதியாமல் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். விளையாட்டு மருத்துவத்துக்குப் பதிலாகாது.

பந்து காணியைத் தருமா?

தராது. இழந்த காணியையும் வருமானத்தையும் கரப்பந்து திருப்பித் தராது. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் உங்களை ஏமாற்றியவர்களாவோம். ஆனால் வாரந்தோறும் ஒன்றுகூடிய பத்துப் பேர், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒன்றாகப் போகலாம். கட்டிலில் கிடக்கும் பத்துப் பேரால் அது முடியாது. சக்கர நாற்காலிக்கான விண்ணப்பமும், வாழ்வாதாரக் கடனும், வாசிகசாலைக்கு ஒரு சாய்தளமும் கேட்கும் குரல் அந்த மைதானத்தில்தான் பிறக்கும்.

இந்த வாரம் உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு இருந்தால், அங்கே போங்கள். உதவிப் பொதியோடு போக வேண்டாம். "மாலையில் பந்தடிக்க ஒரு ஆள் குறைகிறது, வாறியளா?" என்று கேளுங்கள். முதல் நாள் அவர் மறுப்பார். இரண்டாம் நாளும் கேளுங்கள்.