பூமிக்குள் இருப்பதை அளப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணுக்குத் தெரியும் பொருளை அளந்துவிடலாம். ஆனால் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், எவரும் கண்டிராத எண்ணெயையும் எரிவாயுவையும் எப்படி அளப்பது? ஒரு கிணறு அடுத்த ஆண்டு எவ்வளவு தரும், பத்தாண்டு கழித்து எவ்வளவு தரும் என்று எப்படிச் சொல்வது? அதை இக்கட்டுரையில் காண்போம்.

மடவார் வளாகத்துப் பக்கம் வாழும் நமக்குக் கிணறு புதிதன்று. கோடையில் ஊற்று குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் மீண்டும் நிறையும். எண்ணெய்க் கிணறு அப்படியன்று. பல கோடி ஆண்டுகளில் உண்டானதை எடுத்தால் எடுத்ததுதான். மேலும், எண்ணெய் பூமிக்குள் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. ஈரமணலில் நீர் ஒளிந்திருப்பதுபோல், பாறையின் நுண்துளைகளில் அடைந்து கிடக்கிறது. அங்குள்ள அழுத்தமே அதை மேலே தள்ளுகிறது. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். அழுத்தம் குறையக் குறைய வரத்தும் குறையும்.

இந்தக் குறைவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 1945-ஆம் ஆண்டு ஜே. ஜே. ஆர்ப்ஸ் என்னும் பொறியாளர் அதைக் கணக்காக வகுத்துக் கொடுத்தார். நாம் வகுப்பில் படிக்கும் பெருக்குத் தொடர்வரிசையே அதன் எளிய வடிவம். ஒரு கிணறு முதல் ஆண்டில் 1000 பீப்பாய் தருகிறது. ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 800, பிறகு 640, பிறகு 512. எத்தனை ஆண்டு ஓடினாலும் மொத்தம் 5000 பீப்பாயைத் தாண்டாது. முடிவிலாத் தொடரின் கூடுதல் எதற்குப் பயன்படும் என்று கேட்ட தோழியருக்கு இதோ விடை!

ஆனால், கணக்கு சரியாக இருந்தும் கணிப்பு தவறுவதுண்டு. ஆந்திரக் கடற்கரையை அடுத்த வங்கக் கடலில், கிருஷ்ணா – கோதாவரிப் படுகையின் டி-6 பகுதியில் 2002-இல் பெரும் எரிவாயு வளம் கண்டறியப்பட்டது. ரிலையன்ஸ் நிறுவனம் 2009 ஏப்ரலில் எரிவாயு எடுக்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் கிடைக்கும் என்பது திட்டம். 2010-இல் 6 கோடிக்கு மேல் எட்டியதோடு வரத்து இறங்கத் தொடங்கியது. 2013 இறுதியில் 2 கோடிக்கும் கீழே போய்விட்டது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. பாறையமைப்பு நினைத்ததைவிடச் சிக்கலானது என்றது நிறுவனம். திட்டமிட்டபடி போதிய கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசு. முதலில் தொடங்கிய அந்த வயல்கள் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன. அந்த வாயுவை நம்பிக் கட்டிய ஆந்திர மின்நிலையங்கள் பல எரிபொருளின்றி நின்றன. அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் தவித்தன. கணிப்பில் விழும் பிழை காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இன்று இவ்வேலைக்கு ‘கிளவுட்’ எனப்படும் மேகக் கணிமை துணை செய்கிறது. பெயரில்தான் மேகம், உண்மையில் அது சென்னை, மும்பை போன்ற நகரங்களிலும் பிற நாடுகளிலும் பெரிய கட்டடங்களில் அடுக்கி வைத்த கணிப்பொறிகளே. வேண்டும்போது அவற்றை இணையத்தின் வழியே வாடகைக்கு எடுக்கலாம். கல்யாணத்துக்கு அண்டாவும் குண்டாவும் வாடகைக்கு எடுப்பதுபோல! ஷ்லம்பர்ஜர் நிறுவனம் 2017-இல் ‘டெல்ஃபி’ என்னும் மேகக் கணிமை மென்பொருளை அறிமுகம் செய்தது.

இதனால் என்ன நன்மை? நூற்றுக்கணக்கான கிணறுகளின் அழுத்தம், வரத்து, கலந்துவரும் நீரின் அளவு ஆகியவை ஓரிடத்தில் சேர்கின்றன. கடல் மேடையில் இருப்பவரும் மும்பை அலுவலகத்தில் இருப்பவரும் ஒரே கணக்கைப் பார்க்கின்றனர். பாறையின் தன்மையைச் சற்றே மாற்றி மாற்றி ஆயிரம் முறை கணக்கிட்டுப் பார்க்கலாம். விடையாக ஒரே எண்ணைச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, நடுத்தரமாக இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று மூன்றாகச் சொல்லலாம். புதிய அளவுகள் வந்ததும் பழைய கணிப்பைத் திருத்தலாம்.

ஆயினும் விதைத்ததுதானே முளைக்கும்? தவறான அளவைக் கொடுத்தால் எத்தனை பெரிய கணிப்பொறியும் தவறான விடையையே தரும். பூமிக்குள் நுழைந்து பார்க்கும் கண் அதற்கு இல்லை.

நம் தமிழகத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திலும் எண்ணெய் வயல் உண்டு. எனினும், இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. நம் நாட்டுக் கிணறுகள் எவ்வளவு தரும் என்று முன்னரே தெரிந்தால்தான், மீதியை எவ்வளவு வாங்குவது, எந்த ஆலையை எங்கே கட்டுவது என்று திட்டமிட முடியும்.

நம் வீட்டில் அம்மா சிலிண்டரைச் சற்றே அசைத்துப் பார்த்து, “இன்னும் பத்து நாளைக்கு வரும்” என்பார். அதுவும் ஒரு கணிப்புத்தான்! இருப்பதை அறிந்து, வரப்போவதை எண்ணி, அளந்து செலவழிப்போம். அதுவே வீட்டுக்கும் நாட்டுக்கும் நலம் தரும்.