வயிற்றுக்குள் ஒரு சவ்வு

சிறுநீரகங்கள் பழுதடைந்தால் யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கிவிடும். அவற்றை நீக்க வெளியே ஓர் இயந்திரம்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. நம் வயிற்றறையின் உட்புறத்தையும் குடலையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் சவ்வே அந்த வேலையைச் செய்யும். நடமாடிக்கொண்டே நாள் முழுவதும் இச்சிகிச்சையைப் பெறும் முறையை, 1976-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியியலாளர் போப்போவிச்சும் மருத்துவர் மான்கிரீஃபும் வகுத்தனர்.

மெல்லிய குழாய் வழியே சுமார் 2 லிட்டர் குளுக்கோஸ் கரைசலை வயிற்றறைக்குள் விடுகிறார்கள். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள்கள் விரவும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அவ்வாறே கழிவுகள் இரத்தத்திலிருந்து சவ்வின் வழியே கரைசலுக்கு வருகின்றன. சவ்வூடு பரவலால் மிகையான நீரும் வந்து சேர்கிறது. சில மணி நேரம் கழித்துக் கரைசலை வடித்துவிட்டுப் புதியதை விடவேண்டும். பொதுவாக நாளுக்கு 4 முறை இவ்வாறு செய்வர்.

இச்சிகிச்சை பெறுவோரில் யார் நெடுநாள் வாழ்வர் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? கனடாவிலும் அமெரிக்காவிலும் 680 நோயாளிகளைக் கவனித்த ஆய்வொன்று 1996-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் நீங்கும் கழிவு கூடினால் இறப்பு குறைகிறது என்றது அது. பழுதடைந்த சிறுநீரகமும் பலருக்குச் சிறிதளவு வேலை செய்யும். அது நீக்கிய கழிவையும் கரைசல் நீக்கிய கழிவையும் ஒன்றாகக் கூட்டியே கணக்கிட்டிருந்தனர். ஆகவே, கரைசலை அதிகமாக்கினால் ஆயுள் கூடும் என்று பலரும் நம்பினர்.

2001-இல் அதே விவரங்களைப் பிரித்துப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. நாள்தோறும் வெளியாகும் சிறுநீர் 250 மில்லிலிட்டர் கூடுதலாக இருந்தால், இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. கரைசலின் பங்கில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. மெக்சிகோவில் 965 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கரைசலைக் கூட்டிப் பார்த்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி, உயிர் பிழைத்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே!

ஏன்? சிறுநீரகம் யூரியாவை மட்டும் நீக்குவதில்லை. பெரிய மூலக்கூறுகளையும் நீக்குகிறது. உப்பையும் நீரையும் சமன் செய்கிறது. இரத்த அணுக்கள் உருவாகத் தூண்டும் ஹார்மோனையும் சுரக்கிறது. கரைசல் இவை எல்லாவற்றுக்கும் ஈடாகாது.

அதற்காகக் கரைசல் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். குறைந்த அளவேனும் கழிவு நீங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கணிப்பு என்பது ஜாதகமும் அன்று. வயது, நீரிழிவு, ஊட்டம் ஆகியவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆனால் இக்கணிப்பால் ஒரு நன்மை விளைந்தது. எஞ்சியுள்ள சிறுநீரக வேலையை மருத்துவர்கள் இன்று அளந்து பார்க்கிறார்கள். அதைக் கெடுக்கக்கூடிய சில வலிநிவாரணி மருந்துகளைத் தவிர்க்கிறார்கள்.

இரண்டு அளவுகளுக்கு அலகு ஒன்றாக இருந்தால் கூட்டிவிடலாம் என்பது நமது வழக்கம். அலகு ஒன்றானாலும் பயன் ஒன்றாக இராது என்பதை இந்த 250 மில்லிலிட்டர் காட்டிவிட்டது.