தேடுபொறிகளின் போட்டியும் நமது தேடலும்

ஒப்படை எழுதவும், கடந்தகால வினாத்தாள் எடுக்கவும், புதிய சமையற் குறிப்புப் பார்க்கவும் இன்று நாம் முதலில் நாடுவது கூகுளைத்தான். "தேடிப் பார்" என்பதற்குப் பதிலாக "கூகுள் பண்ணிப் பார்" என்று சொல்லும் அளவுக்கு அது நமது பேச்சில் கலந்துவிட்டது. இந்தப் பெரும் நிறுவனத்துடன் போட்டியிடத் துணிந்தவர்களில் இருவர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். அவர்களது முயற்சியையும் அதில் நமக்குள்ள பாடத்தையும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது? நாம் ஒரு சொல்லை இட்ட பின்னர் அது இணையம் முழுவதும் ஓடித் தேடுவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களை முன்கூட்டியே வாசித்து, எந்தச் சொல் எங்கே உள்ளது என அட்டவணைப்படுத்தி வைத்திருக்கிறது. பாடநூலின் இறுதியில் வரும் சொல்லடைவு போன்றது அது. அதிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்தித் தருகிறது. இந்த வரிசைப்படுத்தலில்தான் திறமை இருக்கிறது. 1998இல் லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இரு ஆய்வு மாணவர்கள் கூகுளைத் தொடங்கியபோது அல்டாவிஸ்டா, யாகூ போன்றவையே பெரியவை. ஒரு பக்கத்தை மற்றப் பக்கங்கள் எந்த அளவுக்குச் சுட்டிக் காட்டுகின்றன என்பதை வைத்து அதன் தரத்தை அளக்கலாம் என்ற எண்ணமே கூகுளை முன்னே கொண்டுவந்தது. ஆகவே, இன்றைய பெரியவரும் நேற்றைய புதியவர்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஸ்ரீதர் ராமசாமி, கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைமை தாங்கியவர். அங்கிருந்து விலகி, 2019இல் நண்பருடன் சேர்ந்து 'நீவா' என்ற தேடுபொறியை நிறுவினார். விளம்பரம் இல்லை, பயனரைப் பின்தொடர்வதும் இல்லை. அதற்குப் பதிலாகச் சந்தா அறவிடப்பட்டது. பொறி நன்றாகவே இயங்கியது. எனினும் 2023இல் அந்தச் சேவை மூடப்பட்டது. தேடுபொறியை உருவாக்குவதைவிட, மக்களைப் பழக்கத்திலிருந்து மாற்றுவதே கடினமாக இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசியை வாங்கும்போதே கூகுள் அதில் அமைந்திருக்கிறது. இவ்வாறு முதலிடத்தில் இருப்பதற்காக அந்நிறுவனம் 2021இல் மட்டும் 2,630 கோடி டொலர் செலுத்தியது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கூகுள் சட்டத்துக்கு முரணாகத் தனியுரிமையைப் பேணியதாக 2024 ஓகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

இரண்டாமவர் சென்னையில் பிறந்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ். இவரும் சென்னை ஐ.ஐ.டி. மாணவரே. 2022இல் மூவருடன் சேர்ந்து 'பெர்ப்ளெக்சிட்டி'யைத் தொடங்கினார். இது வெறும் பட்டியலைத் தருவதில்லை. பல பக்கங்களை வாசித்து, செயற்கை நுண்ணறிவின் உதவியால் விடையைத் தொகுத்து, எங்கிருந்து எடுத்தது என்பதையும் இலக்கமிட்டுக் காட்டுகிறது. 2025இல் கூகுளின் குரோம் உலாவியையே 3,450 கோடி டொலருக்கு வாங்கக் கேட்டது இந்தச் சிறிய நிறுவனம். குரோமை விற்க வேண்டியதில்லை என நீதிமன்றம் பின்னர் கூறிவிட்டது. கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சையும் மதுரையில் பிறந்தவர் என்பதால், போட்டியின் இரு பக்கமும் தமிழ் மண்ணின் பிள்ளைகள் நிற்கிறார்கள் எனலாம்.

ஆனால், சுருக்கமான விடையில் ஆபத்தும் உண்டு. செயற்கை நுண்ணறிவு தவறான தகவலையும் உறுதியான குரலில் சொல்லும். மூலத்தைத் திறந்து வாசிக்காமல் விடையை மட்டும் பிரதிபண்ணினால் அந்தத் தவறு நமது தவறாகிவிடும். பிள்ளைகளின் ஒப்படையைப் பார்க்கும் பெற்றோர், "இதை எங்கே எடுத்தாய்?" என்று ஒரு முறை கேட்டாலே போதும், நல்ல பழக்கம் வந்துவிடும்.

இக்கட்டுரைக்காக எங்கள் ஊர்ப் பெயரைத் தேடுபொறிகளில் இட்டுப் பார்த்தேன். 'குறிஞ்சாக்கேணி' என்றும் 'குறிஞ்சாங்கேணி' என்றும் எழுதிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தவற்றில் அதிகமானவை 2021 நவம்பர் 23ஆம் திகதி நடந்த படகு விபத்துச் செய்திகளே. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளை இழந்த அந்தத் துயரம் மறக்கக் கூடியதல்ல, மறக்கவும் கூடாது. ஆயினும் நமது ஊர் அந்த ஒரு நாள் மட்டுமா? மீன்பிடித் தொழில், வயல், மூத்தம்மாமார் சொல்லும் பழங்கதைகள், கிண்ணியாவின் நாட்டார் பாடல்கள் ஆகியவற்றை அங்கே நான் காணவில்லை.

இது பொறியின் குற்றமல்ல. கூகுளானாலும் சரி, அதை வெல்ல வரும் புதியவரானாலும் சரி, எழுதப்படாத ஒன்றைத் தேடித் தர எவராலும் முடியாது. அடுத்த பெரிய தேடுபொறியை நம்மில் ஒருத்தி உருவாக்கக்கூடும். அது நடந்தால் மகிழ்ச்சி. அதுவரை நம்மால் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, சகோதரிகளே. வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, நமது ஊரைப் பற்றித் தமிழில் எழுதி இணையத்தில் சேர்ப்போம். நாளை நமது ஊரைத் தேடும் ஒரு பிள்ளைக்கு நமது எழுத்தே விடையாக அமையட்டும்.