சிகரம் ஏறிய பெண்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பில் மலை என்று சொல்லத்தக்க மலை கிடையாது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிறந்து வளரும் பிள்ளைக்கு உயரம் என்றால் குளக்கட்டுத்தான். இரணைமடுக் கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். அதற்கு மேல் உயரம் பார்க்க வேண்டுமானால் பனையைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். இப்படியான இடத்தில் வாழும் பெண்களுக்கு மலையேற்றத்தைப் பற்றி எழுதுவது எதற்கு என்று வாசகிகள் கேட்கக்கூடும்.

ஆனால் மலை எமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல. குறிப்பாக 1977ஆம் ஆண்டின் இனவன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வெளியேறிப் பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. அக்குடும்பங்களின் பாட்டிமார் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழையிலும் பனியிலும் செங்குத்தான சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள். அவர்கள் ஏறிய உயரத்தை யாரும் அளக்கவில்லை. அதே மலைகளின் ஓடைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஆங்கிலேயர் தமது நாட்டிலிருந்து ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். ஓய்வு நாட்களில் தூண்டில் போட்டு மகிழ்வதற்காகவே அந்த மீன் கொண்டுவரப்பட்டது. ஒரே மலையில் துரைக்கு விளையாட்டு, பெண்ணுக்குச் சுமை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டே மலையேறிய சில பெண்களைப் பற்றி இங்கே பார்ப்போம்.

எவரெஸ்ட் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மே மாதத்திலேயே வருகின்றன. உச்சியில் வீசும் கடுங்காற்று, பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னர் சில நாட்களுக்குத் தணியும். அந்த நாட்களுக்காகவே உலகெங்குமிருந்து வருவோர் அடிவாரத்தில் காத்திருப்பார்கள். எமக்கோ மே மாதம் வேறொன்று. 2009 மே மாதத்தை நினைத்து விளக்கேற்றும் வீடுகளில் இவ்வாறான செய்திகள் கண்ணில் படாமற் போனதில் வியப்பில்லை.

அப்படிப் படாமற் போன செய்திகளுள் ஒன்று எமது நாட்டைச் சேர்ந்தது. 2016 மே 21ஆம் திகதி அதிகாலை, ஜயந்தி குரு உதும்பால என்ற பெண் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். கடல் மட்டத்திலிருந்து 8,848 மீற்றர் உயரம். அதுவரை இலங்கையிலிருந்து ஆணோ பெண்ணோ எவரும் அங்கு சென்றதில்லை. அவரோடு புறப்பட்ட யொஹான் பீரிஸ் சுமார் 8,400 மீற்றர் வரை சென்று, ஒட்சிசன் சிக்கலால் திரும்ப நேர்ந்தது. அவர் 2018இல் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார். ஜயந்தி மலையேற்றத்தை டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்ற நிறுவகத்தில் முறையாகக் கற்றவர். அவரது தொழிலோ பெண்கள் உரிமை சார்ந்த பணி. பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிப் பேசியும் எழுதியும் வந்த ஒருவரே நாட்டின் முதலாவது எவரெஸ்ட் வீரரானார் என்பது எம்மைப் போன்ற சமூகப் பணியாளருக்குத் தனி மகிழ்ச்சி.

இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி யப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய். சிறு வயதில் பலவீனமான பிள்ளை என்று கருதப்பட்டவர். பத்து வயதில் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு மலைக்குச் சென்றதிலிருந்து மலை அவரை விடவில்லை. அக்காலத்து மலையேற்றக் கழகங்களில் சில ஆண்கள் அவரோடு கயிற்றில் இணைந்து ஏற மறுத்தனர். புருஷன் தேடத்தான் வந்திருக்கிறாள் என்றும் சொன்னார்கள். (ஊர்வாய் எல்லா நாட்டிலும் ஒரே வாய்தான்.) அவர் 1969இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றக் கழகத்தை ஆரம்பித்தார். எவரெஸ்டுக்குப் பணம் கேட்டு அலைந்தபோது, வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கலாமே என்ற பதில் கிடைத்தது. இறுதியில் ஒரு பத்திரிகையும் ஒரு தொலைக்காட்சி நிலையமும் உதவின. போதாத பணத்தைப் பெண்கள் தாமே போட்டனர். ஜுன்கோ பியானோ சொல்லிக் கொடுத்துச் சேமித்தார். கார் இருக்கையின் பழைய உறையை வெட்டி நீர் புகாத கையுறை தைத்தார்.

எமது கிராமங்களில் தையல் இயந்திரம் கிடைத்த எத்தனை சகோதரிகள் இருக்கிறார்கள்! பழைய துணியில் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் கைகளுக்கு அந்தக் கையுறையின் அருமை உடனே விளங்கும்.

1975ஆம் ஆண்டு, மூன்று வயது மகளை வீட்டில் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் புறப்பட்டார். மே 4ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின், சுமார் 6,300 மீற்றர் உயரத்தில், பெண்கள் உறங்கிக் கொண்டிருந்த கூடாரங்கள் மீது பனிச்சரிவு விழுந்தது. பனிக்குள் புதைந்து நினைவிழந்த ஜுன்கோவை, கூட வந்த ஷெர்பாக்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்தனர். இரண்டு நாட்கள் அவரால் நடக்க முடியவில்லை. ஆயினும் அவர் கீழே திரும்பவில்லை. பன்னிரண்டு நாட்களின் பின், மே 16ஆம் திகதி, ஷெர்பா ஆங் செரிங்குடன் உச்சியில் நின்றார். எவரெஸ்ட் ஏறிய முதற் பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. அவரோ, எவரெஸ்ட் ஏறிய முப்பத்தாறாவது ஆள் என்று தம்மை நினைவுகூர்ந்தால் போதும் என்றார்.

அடுத்ததாக அருணிமா சின்ஹா. இவரைப் பற்றி எமது பகுதியில் அதிகம் பேச வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் இழந்த சகோதரிகள் எமது ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றார்கள். அருணிமா இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரப்பந்தாட்ட வீராங்கனை. 2011 ஏப்ரலில் புகையிரதத்தில் சென்று கொண்டிருந்தபோது, கழுத்துச் சங்கிலியைக் கொடுக்க மறுத்ததால் கொள்ளையர் அவரை வெளியே தள்ளினார்கள். மற்றத் தண்டவாளத்தில் வந்த வண்டி காலில் ஏறியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. வலது காலுக்குள்ளும் உலோகக் கம்பி வைக்க வேண்டியதாயிற்று. டில்லி வைத்தியசாலையில் மாதக்கணக்கில் படுத்திருந்தபோதே மலையேறத் தீர்மானித்தார். வைத்தியசாலையை விட்டு வந்ததும் எவரெஸ்ட் ஏறிய முதலாவது இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலைத் தேடிச் சென்றார். பச்சேந்திரி 1984இல் உச்சியை அடைந்தவர். அவரது பயிற்சியின் பின் 2013 மே 21ஆம் திகதி, செயற்கைக் காலுடன் அருணிமா எவரெஸ்ட் உச்சியில் நின்றார். கால் இழந்த பெண்களுள் அங்கு முதன்முதல் சென்றவர் இவரே.

செயற்கைக் கால் பொருத்திய சகோதரிகளுக்குத் தெரியும்: வெயிலில் வேர்த்து, காலின் மிகுதிப் பகுதி உரசிப் புண்ணாகும்போது கிணற்றடிக்குப் போவதே ஒரு மலைதான். அருணிமாவுக்கும் பயிற்சிக் காலத்தில் மற்றவர்கள் நிமிடங்களில் கடந்த தூரத்துக்கு மணித்தியாலங்கள் தேவைப்பட்டன.

போர் நடந்த நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. ஆப்கானிஸ்தானின் மிக உயர்ந்த மலை நோஷாக், 7,492 மீற்றர். அதற்குச் செல்லும் பள்ளத்தாக்கில் போர்க்காலத்தில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. 2018 ஆகஸ்டில் ஹனீபா யூசுபி என்ற இளம்பெண் அதன் உச்சியை அடைந்தார். ஆப்கான் பெண்களுள் அவரே முதலாமவர். சிறுமியாக இருக்கையிலேயே மணம் முடித்து வைக்கப்பட்டு, பின்னர் அந்த வாழ்விலிருந்து மீண்டு வந்தவர். முகமாலையில் வெயிலில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவு செய்த எமது பெண்களுக்கு அந்த வழியில் ஓர் அடி எடுத்து வைப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 2021இல் தலிபான்கள் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய பின் அங்கு பெண்கள் பூங்காவுக்குப் போவதும் தடைசெய்யப்பட்டது.

பொலிவியாவின் ஐமாரா இனப் பெண்களின் கதை இன்னொரு விதம். மலையேற வரும் வெளிநாட்டவருக்குச் சமைத்துக் கொடுப்பதும் சுமை தூக்குவதும் அவர்களின் தொழில். கணவன்மார் வழிகாட்டிகள். மேலே என்னதான் இருக்கிறது என்று நாமும் போய்ப் பார்த்தால் என்ன என்று 2015இல் தாமே ஏறத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் ஆர்ஜென்டீனாவிலுள்ள அக்கொன்காகுவா மலையை, 6,961 மீற்றர், அவர்களுள் சிலர் ஏறி முடித்தனர். அதுவும் தமது வழமையான அகன்ற பாவாடையுடன்.

எமது மகளிர் குழுக் கூட்டமொன்றில் இந்தக் கதைகளைச் சொன்னபோது ஒரு சகோதரி, "பிள்ளையளின்ர சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்தில மலையோ, தங்கச்சி?" என்றார். நியாயமான கேள்வி. எவரெஸ்ட் ஏறுவதற்கு நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணமே, 2025 செப்டெம்பர் முதல், ஒருவருக்கு 15,000 டொலர். அது எமக்கானதல்ல. ஆனால் அதே கூட்டத்தில் வேறொருவர், போர் முடிந்த பின் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி, கச்சேரி, விசாரணை தவிர வேறெதற்கும் ஊரை விட்டு வெளியே போனதில்லை என்றார். போனாலும், புருஷன் இல்லாதவளுக்கு என்ன சுற்றுலா என்று அயலார் கேட்பார்கள். கோழி, ஆடு, தையல் இயந்திரம் என்று வாழ்வாதாரத் திட்டங்கள் வந்தன. அவை தேவையானவை. எனினும் ஒரு பெண் தனக்காக ஒரு நாள் வெளியே சென்று, மூச்சு வாங்க நடந்து, சிரித்துவிட்டு வருவதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. சமூகவியல் படிக்கும்போது ஓய்வும் ஒரு சமூக வளம் என்று படித்தோம். அது சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதைக் கிராமத்தில்தான் கண்டோம்.

ஜுன்கோ தபெய் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 2011இல் யப்பானின் வடகிழக்கைச் சுனாமி தாக்கியது. அவரது சொந்த மாகாணமான புக்குஷிமாவில் அணு உலையும் வெடித்தது. அடுத்த ஆண்டு முதல், பாதிக்கப்பட்ட பகுதிகளின் பாடசாலைப் பிள்ளைகளை அவர் ஆண்டுதோறும் பியூஜி மலைக்கு அழைத்துச் சென்றார். புற்றுநோயோடு போராடிக் கொண்டிருந்த நிலையிலும் 2016 ஜூலையில் கூடவே சென்றார். அவ்வாண்டு ஒக்டோபரில் காலமானார். பியூஜி பயணத்தை அவரது மகன் தொடர்ந்தார்.

எமக்கு எட்டும் மலை சிவனொளிபாதம், 2,243 மீற்றர். மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை பருவகாலம். அப்போது இரவில் வழியெங்கும் விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் சென்று ஏறும் பாதையே சுருக்கமானது. படிகள் ஐயாயிரத்துக்கு மேல். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சிமாரும் தடியூன்றி ஏறுகின்றார்கள். குழுவாகச் செல்ல எண்ணும் சகோதரிகள் நள்ளிரவுக்கு முன் ஏறத் தொடங்கினால் அவசரமின்றிச் சூரிய உதயத்துக்கு உச்சியை அடையலாம். உச்சியில் குளிர் கடுமை. கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் அவசியம். செயற்கைக் கால் அணிந்தவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, மேலதிக காலுறையும் புண்ணுக்குக் கட்டும் துணியும் எடுத்துச் செல்வது நல்லது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம். அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.