நெய்யும் பித்தநீரும்

கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் வேங்கிக்காலிலிருந்து நோக்குவோர்க்கு, அண்ணாமலையின் உச்சியில் எரியும் சுடர் நன்கு தெரியும். பெருங்கொப்பரையில் நெய் வார்த்து, காடாத் துணியைத் திரியாக இட்டு அத்தீபத்தை ஏற்றுகின்றனர். நாம் சோற்றில் பிசைந்து உண்ணும் நெய்யும் உடலினுள்ளே சுடரின்றி எரிந்து ஆற்றல் தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். கொப்பரையிலே நெய் எரியத் திரி வேண்டும். உடலிலே அது பயன்பட என்ன வேண்டும்? பித்தநீர் வேண்டும்.

எண்ணெய் தேய்த்த தலையில் எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் பிசுக்கு அகலாது. சீயக்காய் தேய்த்த பின்னரே அகலும். குடலில் அத்தொழிலைப் புரிபவை பித்த அமிலங்கள். அவற்றின் ஒரு பக்கம் கொழுப்பையும், மறு பக்கம் நீரையும் நாடும் இயல்புடையது. இவற்றின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் வீலாண்டுக்கு 1927-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து இவ்வமிலங்களை ஆக்குகிறது. பித்தப்பையில் தேங்கும் பித்தநீர், கொழுப்புணவு சிறுகுடலை அடைந்ததும் அங்கே வந்து சேர்கிறது. பெருந்துளிகள் நுண்துளிகளாகச் சிதற, கணையநீரிலுள்ள லைபேஸ் அவற்றைச் செரிக்கச் செய்கிறது. செரித்த கூறுகளையும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் குடற்சுவர் வரை ஏந்திச் செல்பவையும் பித்த அமிலங்களே. பணி முடிந்தபின் அவற்றுள் நூற்றுக்கு 95 பங்கு மீண்டும் கல்லீரலை அடைந்து, மறுபடியும் தொழிற்படுகிறது.

இவ்வழி அடைபட்டால் விளைவது யாது? பித்தநாளம் அடைபட்ட நிலையில் சில குழந்தைகள் பிறப்பதுண்டு. பித்தநீர் குடலுக்கு வாராமையால் அதன் நிறமியும் வாராது. மலம் சுண்ணாம்பு போல் வெளுக்கும். கொழுப்புச் செரியாமையால் உடல் தேறாது. கே வைட்டமின் குறைவதால் இரத்தம் எளிதில் உறையாது. நாளடைவில் கல்லீரலும் பழுதுறும்.

ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் 1950-களில், குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தநீருக்கு வழிகாணும் அறுவை முறையை வகுத்தார். குழந்தைக்கு இரண்டு மாதம் நிறையுமுன் செய்தால் பயன் மிகுதி.

மாணவர்களே! பச்சிளங் குழந்தைக்குச் சில நாள் மஞ்சள் காண்பது இயல்பே. இரண்டு வாரம் கடந்தும் அது நீடித்தாலோ, மலம் வெளுத்தாலோ, வெயிலில் காட்டுவோம், கீழாநெல்லி கொடுப்போம் என்று காத்திருத்தல் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்டுமாறு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.