கழுத்துவலியும் தொலைவழிக் கண்காணிப்பும்

ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுடைய தலையைக் கழுத்திலுள்ள ஏழு முள்ளென்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் ஓயாது தாங்குகின்றன. தலை முன்னே சாயுந்தோறும் பின்கழுத்துத் தசைகளின் பளு மிகும். 60 பாகை குனிந்தால் அப்பளு 27 கிலோகிராமை எட்டுமென 2014 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் கணித்தார். இது கணக்கீடேயன்றி உடலில் அளந்து கண்டதன்று. குனிதல் ஒன்றே நோய்க்குக் காரணமுமன்று. நெடுநேரம் அசையாதிருத்தல், உறக்கக் குறைவு, மனவழுத்தம் ஆகியனவும் துணைக் காரணங்களாம். 2020 இல் உலகில் இருபது கோடிக்கு மேற்பட்டோர் கழுத்துவலியுற்றிருந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. பரீட்சைக்குப் படிப்போரும் கணினி முன் அமர்ந்து தொழில் புரிவோருமாகிய இளைஞர் இதற்கு விலக்கல்லர்.

இதற்குரிய சிறந்த பரிகாரங்களுள் ஒன்று முறையான பயிற்சியாகும். நிமிர்ந்திருந்து, தலையைக் குனியாது, நாடியை நேரே பின்னோக்கி இழுத்துச் சில விநாடி நிறுத்தி விடுதல் அவற்றுள் எளியது. ஆயின் தசை வலுப்பெறப் பல வாரங்கள் வேண்டும். முதல் வலி தணிந்தவுடன் பயிற்சியைக் கைவிடுவோர் பலர்; பிழையாகச் செய்வோரும் உளர். ஆதலின் இயன்மருத்துவரின் தொடர்ந்த கண்காணிப்பு இன்றியமையாதது.

ஈண்டே நம் மலைநாட்டின் இடர்ப்பாடு எழுகின்றது. தெல்தோட்டை, கலஹா முதலிய இடங்களிலிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலைக்கு வந்து மீள ஒரு பகல் கழிந்துவிடும். தோட்டத்தில் உழைக்கும் இளம்பெண்ணுக்கு அது ஒரு ‘பேர்’ இழப்பு. உயர்தர மாணாக்கனுக்கு ஒரு நாட் பாடம். இரண்டாம் வருகை தவறுவதற்கு அசட்டை மட்டும் காரணமன்று என்பது இதனாற் பெறப்படும்.

2020 மார்ச் மாதத்தில் ஊரடங்குச் சட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, தொலைபேசி வழியாகவும் மருத்துவ ஆலோசனை இயலும் என்பதைப் பலர் உணர்ந்தனர். தசை, மூட்டு நோய்களுக்குத் தொலைவழிச் சிகிச்சை நேர்ச் சிகிச்சைக்கு ஒப்பான பயன் தருவதாக 2017 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றும் காட்டிற்று. முறை எளிது. முதற் பரிசோதனை நேரில் நிகழ்தல் நன்று. பின்னர், குறித்த நாளில் கைத்தொலைபேசியைக் காதின் மட்டத்திற் பக்கவாட்டாக நிறுத்திப் பயிற்சியைச் செய்துகாட்டல் வேண்டும். மருத்துவர் பிழை திருத்துவார். வலியின் அளவை வினவிப் பயிற்சியைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். மலைமறைவில் அலைத்தொடர்பு குன்றுமிடத்து, சிறு ஒளிப்பதிவை அனுப்பிவிட்டுக் குரல்வழியே உரையாடலாம்.

எனினும், தொட்டறிய வேண்டியதைத் திரை காட்டாது. கை மரத்தல், பிடி தளர்தல், நடை தடுமாறல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விழுந்தபின் தோன்றிய வலி ஆகியன காணின் தாமதமின்றி வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

எனவே தொலைவழிக் கண்காணிப்பு மருத்துவருக்கு மாற்றன்று; ஒரு வருகைக்கும் மறு வருகைக்கும் இடையே பயிற்சி அறுந்துபோகாது காக்கும் பாலமே அது. அவ்வழைப்புக்குரிய கால் மணி நேரத்தை மாணாக்கனுக்கு மனமுவந்து அளித்தலும், பாடங்களினிடையே அவனை எழுந்து நிற்கச் செய்தலும் ஆசிரியராகிய நம் கையிலுள்ளன.