ஒலிவாங்கியை வைத்துவிட்டு எழுதுகோலை எடுத்தவர்

2001 செப்டம்பர் 11 நிகழ்வுகளுக்குப் பின்னர் நியூயார்க் நகரின் சுரங்க ரயில் நிலையங்களில் ஓர் அறிவிப்பு இடம்பெறலாயிற்று. 'எதையேனும் கண்டால், வாய்திறந்து சொல்லுங்கள்' என்பது அதன் கருத்து. கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால் காவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதே வாசகத்தை நாடு தழுவிய பிரசாரமாக ஆக்கிற்று. தலையை மறைத்த பெண்களும் தாடி வைத்த ஆண்களும் அந்த அறிவிப்பின் கீழே நின்று ரயிலுக்குக் காத்திருக்கும்போது, சுட்டுவிரல் தங்களை நோக்கியே நீட்டப்பட்டிருப்பதாக உணர்ந்தால் அதில் வியப்பென்ன?

அந்த வாசகத்தையே தம் நிகழ்ச்சிக்குப் பெயராகச் சூட்டினார் ஓர் இளைஞர். மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த அஹ்மத் அலீ அக்பர் என்பவரே அவர். 'ஸீ சம்திங், ஸே சம்திங்' என்ற அந்த ஒலி நிகழ்ச்சி 2016 அக்டோபரில் தொடங்கியது. பிறர் நம்மைக் கண்டு சொல்வது இருக்கட்டும். நாம் கண்டதை நாமே சொல்வோம் என்று அப்பெயரே பதில் உரைத்தது. பின்னாளில் அவர் ஒலிவாங்கியை விட்டு எழுத்துத் தொழிலுக்குச் சென்றார். அந்த மாற்றம் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க சில செய்திகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

தேநீரும் உரையாடலும்

பாட்காஸ்ட் என்பது வானொலியைப் போன்று ஒலியால் மட்டுமே அமைவது. ஆனால் அதற்கு நிலையமோ அலைவரிசையோ தேவையில்லை. இணையத்தின் வழியாகத் தொடராக வெளிவரும் அதனைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, சமையலறையிலோ பயணத்திலோ விரும்பிய நேரத்தில் கேட்கலாம். அந்தச் சொல்லே 2004-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழில் முதன்முதலாக அச்சேறியது.

அஹ்மத் அலீ அக்பரின் நிகழ்ச்சியில் விருந்தினரும் அவரும் தேநீர் அருந்தியபடி அளவளாவுவார்கள். அமெரிக்காவில் முஸ்லிமாக வாழ்வது எவ்வாறு இருக்கிறது என்பதே பேசுபொருள். அது தொடங்கிய மறுமாதமே அந்நாட்டின் அதிபர் தேர்தல் நடந்தது. 2017 ஜனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவிற்குள் நுழையத் தடை விதிக்கும் ஆணை பிறந்தது. செய்தித்தாள்களில் முஸ்லிம் என்ற சொல் அச்சத்தோடும் அரசியலோடும் மட்டுமே இணைந்து வந்த அந்நாட்களில், ஒரு முஸ்லிம் இளைஞர் தம்மவரோடு இயல்பாகச் சிரித்துப் பேசியதைக் கேட்பதே பலருக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

சுமை முழுவதும் ஒரு தோளில்

இந்நிகழ்ச்சியை முதலில் வெளியிட்டது 'பஸ்ஃபீட்' என்னும் பெரிய இணைய நிறுவனம். 2018 செப்டம்பரில் அந்நிறுவனம் தனது பாட்காஸ்ட் தயாரிப்புக் குழுவைக் கலைத்துவிட்டது. நிகழ்ச்சியோ நின்றுவிடவில்லை. நேயர்கள் மாதந்தோறும் மனமுவந்து அளிக்கும் தொகையைக் கொண்டு அது தனித்து இயங்கலாயிற்று. 2013-இல் தொடங்கப்பட்ட 'பேட்ரியான்' போன்ற தளங்கள் இத்தகைய ஆதரவுக்கு வழி செய்து தந்துள்ளன.

தனித்து இயங்குதல் என்பது கேட்பதற்கு இனிமையானது. எந்த மேலாளரும் கட்டளையிட மாட்டார். எந்த விளம்பரதாரருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், விருந்தினரைத் தேடுவது, அவரைப் பற்றிப் படிப்பது, கேள்விகளை ஆயத்தம் செய்வது, பதிவு செய்வது, தடுமாற்றங்களை நீக்கிச் செம்மைப்படுத்துவது, நேயர்களின் மடல்களுக்கு விடையளிப்பது, கணக்கு வழக்குகளைப் பார்ப்பது ஆகிய அனைத்தும் ஓரிருவரின் தலையிலேயே விழுகின்றன. ஒரு மணி நேர உரையாடலுக்குப் பின்னால் பல நாள் உழைப்பு மறைந்திருக்கிறது. கேட்பவரில் பெரும்பாலோர் ஒரு காசும் தராமலேயே கேட்கிறார்கள். ஒரு வாரம் உடல்நலம் குன்றினால் நிகழ்ச்சியும் நின்றுவிடும். மனநிறைவு தரும் பணி எல்லாமே வயிற்றுக்கும் வாடகைக்கும் வழி செய்துவிடுவதில்லை.

மாம்பழம் தந்த விருது

2021-ஆம் ஆண்டில் 'ஈட்டர்' என்ற உணவு இதழில் அஹ்மத் அலீ அக்பர் எழுதிய நெடுங்கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதன் பொருள், பாகிஸ்தான் மாம்பழங்கள் அமெரிக்காவிற்கு வந்து சேரும் கதை.

மாம்பழத்திற்கு என்ன அவ்வளவு பெரிய கதை என்று கேட்கலாம். பழ ஈ முதலான பூச்சிகள் தங்கள் தோட்டங்களில் பரவிவிடும் என்று அமெரிக்க வேளாண் துறை அஞ்சுகிறது. இந்திய மாம்பழத்திற்கு நெடுங்காலம் மூடியிருந்த கதவு 2007-இல்தான் திறந்தது. பாகிஸ்தான் மாம்பழத்திற்கு 2010-இல் இசைவு கிடைத்தது. பழங்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பூச்சிகளைச் செயலிழக்கச் செய்த பின்னரே விற்கலாம் என்பது நிபந்தனை. விமானச் செலவும் கதிர்வீச்சுச் செலவும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகின்றன. ஓரிரு நாள் தாமதித்தாலும் பழம் அழுகிவிடும். ஆகவே பெரிய அங்காடிகள் தயங்கும் அந்த வாணிபத்தை, வாட்ஸ்அப் குழுக்களின் வழியே தனி மனிதர்கள் நடத்தி வந்தனர். தாயகத்தின் கோடைக்காலத்தை ஒரு பெட்டிக்குள் வாங்கிவிடத் துடிக்கும் மக்களே அவர்களுடைய வாடிக்கையாளர்கள்.

இந்தக் கட்டுரைக்கு 2022-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது. அமெரிக்காவில் உணவுத் துறைக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த விருதாக அது மதிக்கப்படுகிறது. பின்னர் அவர் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழில் சேர்ந்து உணவைப் பற்றி எழுதலானார்.

பேச்சும் எழுத்தும்

குரலுக்கு உள்ள நெருக்கம் எழுத்துக்கு இல்லை. நடுக்கமும் சிரிப்பும் இடையே நிகழும் மௌனமும் காதின் வழியாக நேரே உள்ளத்திற்குச் செல்கின்றன. ஆனால் மாம்பழத்தின் கதையைத் தேநீர்ப் பேச்சாக மட்டும் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? சட்டம், வாணிபம், பூச்சியியல், பிரிவுத்துயர் ஆகிய அனைத்தையும் ஓர் இழையில் கோக்க எழுத்தின் பொறுமை வேண்டும். எழுதுபவர் ஒவ்வொரு செய்தியையும் சரிபார்க்கிறார், ஆசிரியர் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறார், மீண்டும் எழுதப்படுகிறது. தேவைப்படும் வரியை வாசகர் மறுநாளும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

குரலால் காக்கப்பட்டதை ஏட்டிலும் பதிக்க வேண்டிய தேவையை நம் வரலாறு நன்கறியும். யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த நபித்தோழர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்கள் கவலையுற்று கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். திருமறையை ஒன்றுதிரட்டும் பெரும்பொறுப்பு ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் புனிதப் பணியோடு உலகியல் எழுத்தை ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஆயினும் ஓதுதலும் எழுதுதலும் ஒன்றுக்கொன்று துணை என்ற உணர்வு நமக்குப் புதிதல்ல.

வேறொரு வேறுபாடும் உண்டு. பாட்காஸ்டில் அவர் பேசியது பெரும்பாலும் தம்மவரோடு. நாளிதழிலோ ஒரு மாநகரமே வாசகர். தம்மவரின் உணவும் பண்டிகையும் விளக்கம் தேவைப்படும் விந்தையாக அன்றி, அந்நகரின் இயல்பான வாழ்வாகவே அங்கே பதிவாக முடியும். அதற்கு ஈடாக, வீட்டுத் திண்ணையில் பேசும் உரிமை சிறிது குறைந்துவிடுகிறது. ஒன்றைப் பெற ஒன்றை இழக்கத்தான் வேண்டியிருக்கிறது.

எழுத்து பாதுகாப்பான துறைமுகமா?

அவ்வாறு சொல்வதற்கில்லை. பஸ்ஃபீட் நிறுவனம் தனது செய்திப் பிரிவை 2023-இல் மூடிவிட்டது. சிகாகோ டிரிப்யூனையும் அதன் தாய் நிறுவனத்தையும் 2021-இல் 'ஆல்டன்' என்ற முதலீட்டு நிறுவனம் விலைக்கு வாங்கியது. தொடர்ந்து அனுபவமிக்க ஊழியர் பலர் விலகினர். ஆகவே எழுத்துத் தொழிலுக்கு வருபவர் பொழுதுபோக்காக அன்றி, உழைத்துக் கற்க வேண்டிய கைத்தொழிலாகவே அதைக் கொள்ள வேண்டும். பாட்காஸ்ட் நடத்திய ஆண்டுகளும் வீணல்ல. பிறர் பேசும்போது செவிமடுக்கவும், நல்ல கேள்வி கேட்கவும், சலிப்பூட்டாமல் கதை சொல்லவும் பயிற்சியளித்த பள்ளிக்கூடமல்லவா அது!

பெற்றோர்களே, நம் பிள்ளைகளில் எழுத விரும்புவோர் இருக்கிறார்கள். மருத்துவரும் பொறியாளரும் ஆவதற்குச் செலவிட நாம் தயங்குவதில்லை. எழுத்தாளராக வேண்டும் என்று மகளோ மகனோ கூறினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். நம்மைப் பற்றிப் பிறர் தவறாக எழுதுகிறார்கள் என்று வருந்துவதும் நாமே! நம் கதையைச் செம்மையாகச் சொல்லும் ஒருவர் உருவாக வேண்டுமானால், அவருக்குப் புத்தகம் வாங்கித் தரவும், அவர் நடத்தும் நிகழ்ச்சிக்கோ இதழுக்கோ உரிய சந்தாவைச் செலுத்தவும், அவருடைய உழைப்புக்கு நியாயமான ஊதியம் கேட்கக் கற்றுக்கொடுக்கவும் நாம் முன்வர வேண்டும். பாராட்டு மட்டும் எந்தக் குரலையும் நெடுநாள் ஒலிக்கச் செய்யாது.